ஏரிக்கரைக்குப் புதுக் குடித்தனமா? நூலகம் பற்றிய சந்தேகங்களும் விளக்கங்களும்

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் புது ஆள் தெருவில் நடந்தாலே தெரிந்துவிடும். "எந்த ஊரு? யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று நாலு பேராவது கேட்பார்கள். இன்று அப்படிக் கேட்கப்படுகிறவர்கள் பல வகை. கல்யாணமாகி வந்த மருமகள்கள், காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு பக்கம் வேலை கிடைத்து வாடகைக்கு வந்த குடும்பங்கள், மாறுதலில் வந்த ஆசிரியர்கள், சுனாமிக்குப் பின் கட்டித் தந்த குடியிருப்புகளுக்கு இடம் மாறியவர்கள். முந்திய தலைமுறையில், ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளத்துக்கு நிலம் எடுத்தபோது அங்கிருந்து கிளம்பி இந்தப் பக்கம் வந்தவர்களும் உண்டு.

ஏரியில் வலை போடும் உரிமை இங்கே எளிதில் கிடைக்காது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்வார்கள். ஊரில் தலைக்கட்டு, அதாவது வரி கட்டும் குடும்பம், என்ற கணக்கில் இருப்பவருக்குத்தான் அதில் பெயர். கோயில் வரி, ஊர்க்கூட்டம் எல்லாமே இதையொட்டித்தான் நடக்கும். இப்படிப்பட்ட ஊருக்கு வந்து சேர்ந்தவர்கள், நூலகமும் உள்ளூர்க்காரர்களுடையது என்று ஒதுங்கி நிற்பதில் வியப்பில்லை. ஆனால் அது சரியல்ல. வழக்கமாக எழும் சந்தேகங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வந்து மூன்று மாதம் ஆகிறது. இங்கே நூலகம் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. யாரைக் கேட்பது?

கைப்பேசி வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். சின்ன நூலகங்கள் அதில் ஏறியிருக்காது, ஏறியிருந்தாலும் பழைய கட்டடத்தைக் காட்டும். பேப்பர் போடுபவரைக் கேளுங்கள். நூலகம் எங்கே இருந்தாலும் தினமும் அங்கே நாளிதழ் கொண்டுபோய்ப் போடுகிறவர் அவர்தான். தபால்காரருக்கும் தெரியும். பள்ளித் தலைமையாசிரியருக்குத் தெரியாமல் இருக்காது.

கண்டுபிடித்ததும் முதலில் பெயர்ப் பலகையை முழுதாகப் படியுங்கள். கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என மூன்று வகை உண்டு. மூன்றையும் நடத்துவது திருவள்ளூர் மாவட்ட நூலக ஆணைக்குழு. கிளை நூலகம் பெரியது, நாளில் அதிக நேரம் திறந்திருக்கும். பகுதி நேர நூலகம் சில மணி நேரம்தான். இவற்றோடு சேராத நான்காவது வகை ஒன்று இருக்கிறது. அதுதான் ஊராட்சி நூலகம். குழப்பமெல்லாம் பெரும்பாலும் அதில்தான்.

எங்கள் ஊரில் நூலகம் என்று எழுதிய கட்டடம் இருக்கிறது. ஆனால் எப்போது பார்த்தாலும் பூட்டுதான். அது உண்மையிலேயே நூலகம்தானா?

நூலகம்தான். அநேகமாக அது, 2006-ல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டியதாக இருக்கும். தமிழ்நாட்டின் 12,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளையும் ஐந்தாண்டுகளில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நூலகம், விளையாட்டுத் திடல் என்று வசதிகள் செய்த திட்டம் அது. கட்டடம் ஊராட்சியின் சொத்து. பார்த்துக்கொள்வதற்கு உள்ளூரில் ஒருவரைச் சொற்ப மதிப்பூதியத்தில் வைத்தார்கள். அவர் போன பிறகு அடுத்தவர் வரவில்லை என்றால் சாவி ஊராட்சி அலுவலக மேசைக்குள் போய்விடும். பிறகு தேர்தல் சாமான், கொசு மருந்து தெளிக்கும் கருவி, உடைந்த நாற்காலி என்று உள்ளே சேர ஆரம்பிக்கும். பல ஊர்களில் கதை இதுதான்.

திட்டத்தின் பிழை கட்டடத்தில் இல்லை, ஆள் போடுவதில் இருந்தது என்பது என் கருத்து. ஆணைக்குழு நூலகத்தில் நூலகர் என்றொரு பதவி இருக்கிறது. அவர் மாறினால் வேறொருவர் வர வேண்டும். ஊராட்சி நூலகத்தில் அந்தக் கட்டாயம் வலுவாக இல்லை.

பூட்டைத் திறக்க வைப்பது எப்படி? யாரிடம் போக வேண்டும் என்பது பலகையைப் பொறுத்தது. ஆணைக்குழு நூலகம் என்றால் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத வேண்டும். ஊராட்சி நூலகம் என்றால் முதலில் ஊராட்சி அலுவலகம், அங்கே நடக்காவிட்டால் மீஞ்சூர் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர். இதை மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பலர் மாதக்கணக்கில் அலைகிறார்கள். "இது எங்களுடையது இல்லை" என்று ஒரு அலுவலகம் சொன்னால் அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

இதைவிட வலுவான வழி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடும். நூலகத்தைத் திறந்து ஆள் நியமிக்க வேண்டும் என்று தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது அன்று மாலையே மறந்துபோகும், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள். ஊர்ப் பஞ்சாயத்துக்கும் கிராம சபைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இங்கே தலைக்கட்டுக் கேள்வி இல்லை. உங்கள் பெயர் இன்னும் பழைய ஊர்ப் பட்டியலில் இருந்தால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்களிடம் இருப்பதோ வாடகை வீடு, ஆதாரில் இருப்பதோ பழைய ஊர் முகவரி. உறுப்பினராகச் சேர்ப்பார்களா?

சேர்ப்பார்கள். கொஞ்சம் தாள் வேலை இருக்கும். நூலகம் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறது. திரும்பி வராவிட்டால் தேடிப் போக ஒரு முகவரி வேண்டும், முகவரிச் சான்று கேட்பது அதற்காகத்தான். குடும்ப அட்டை, எரிவாயு இணைப்புச் சீட்டு, வங்கிப் புத்தகம் என்று இந்த ஊர் முகவரி எதில் இருக்கிறதோ அதை எடுத்துப் போங்கள். ஒன்றிலுமே இல்லையென்றால், உங்களைத் தெரிந்த அரசு ஊழியர் அல்லது தலைமையாசிரியர் பரிந்துரைத்து விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால் போதுமா என்று நூலகரிடம் கேளுங்கள்.

வெறுங்கையோடு போய் நூலகரிடம் நிலைமையைச் சொல்வதில் தப்பே இல்லை. உறுப்பினர் எண்ணிக்கை கூடுவது நூலகத்துக்கும் நல்லதுதான், அதனால் உங்களைத் திருப்பி அனுப்பும் எண்ணத்தோடு அவர் உட்கார்ந்திருக்க மாட்டார். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். பல நூலகங்களில் அந்த வாரத்தில் உறுப்பினர் சேர்க்கையை மும்முரமாக நடத்துவார்கள். அப்போது போனால் வேலை சுலபமாக முடியும்.

எவ்வளவு செலவாகும்? இலவசம் என்கிறார் ஒருவர், பணம் கட்டணும் என்கிறார் இன்னொருவர்.

இருவர் சொல்வதும் சரி. உள்ளே உட்கார்ந்து படிக்க ஒரு பைசா வேண்டாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக இரண்டு தொகை உண்டு. ஒன்று காப்புத் தொகை, உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தரும்போது அது திரும்பக் கிடைக்கும். மற்றது ஆண்டுச் சந்தா, அது திரும்பாது. எத்தனை புத்தகம் எடுக்கிறீர்கள், எந்த வகை நூலகம் என்பதைப் பொறுத்துத் தொகை மாறும். ஆனால் எதுவானாலும் ஒரு வேளை டீ, வடைச் செலவை வைத்துப் பார்த்தால் பெரிய தொகை இல்லை. பணம் கட்டியதும் ரசீது கேட்டு வாங்கி, அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

நீங்கள் அறியாமலே இன்னொரு வழியில் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். வீட்டு வரி ரசீதைக் கையில் எடுத்துப் பாருங்கள். வரித் தொகைக்குக் கீழே நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு. உங்கள் வரி 300 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 30 ரூபாய் தனியாகப் போகிறது. வாடகைக்கு இருந்தாலும், வீட்டுக்காரர் வாடகையை வைக்கும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் வைப்பார்.

1948-ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் அதுதான் முதல். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் முயன்று வரைவுகள் எழுதினார், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது அது நிறைவேறியது. அந்தச் சட்டத்தின் உயிர்நாடியே இந்த வரிதான். ஆரம்பத்தில் ரூபாய்க்கு ஆறு பையாக (பழைய கணக்கில்) இருந்தது, படிப்படியாக உயர்ந்து இப்போது 10 காசாகியிருக்கிறது. அரசு மனம் இரங்கித் தரும் மானியத்தை நம்பி நூலகம் நடக்கக் கூடாது, மக்கள் வரியில் நடக்க வேண்டும், அப்போதுதான் கேட்கும் உரிமை மக்களுக்கு இருக்கும் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது.

ஊராட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு, மாவட்ட ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு என்று அறிய விரும்பினால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். நூலகம் கேட்டுப் போராடும் குப்பத்து இளைஞர்கள் முதலில் இதைச் செய்வது நல்லது. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் எதிரே இருப்பவரின் தொனியே மாறும்.

நான் மருமகளாக வந்தவள். நூலகத்தில் எப்போதும் ஆண்கள்தான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தனியாகப் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்களோ?

பார்ப்பார்கள், முதல் சில நாட்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நாளிதழ் மேசை பெரும்பாலும் ஆண்களின் கோட்டையாகத்தான் இருக்கிறது. ஆனால் புத்தகம் எடுக்க வரும் கூட்டம் வேறு. அதில் பள்ளிப் பிள்ளைகளும் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிக்கும் பெண்களும் நிறைய. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது ஒரு வழி. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு சேர்ந்து போவது இன்னும் நல்ல வழி, இரண்டு அட்டையில் எடுத்து மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

வீட்டை விட்டுக் கிளம்பவே முடியாதவர்களுக்கு நூலக நண்பர்கள் திட்டம் இருக்கிறது. முதியோர், மாற்றுத் திறனாளிகள், நூலகத்துக்கு வர முடியாத பெண்கள் ஆகியோருக்குத் தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் இது. 2022-ல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. எல்லா நூலகத்திலும் தன்னார்வலர் இருக்கிறாரா என்றால், ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரில் இல்லையென்றால் நீங்களே ஒரு தன்னார்வலராகலாம். புது ஊரில் பத்து வீட்டு வாசல் பழக இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

எந்தப் புத்தகம் எடுப்பது என்றே தெரியவில்லை. அலமாரியைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

அட்டையைப் பார்க்காதீர்கள், புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பாருங்கள். திருப்பித் தர வேண்டிய தேதியை முத்திரை குத்தியோ பேனாவால் எழுதியோ வைத்திருக்கும் மெல்லிய தாள் அது. ஊதா மை, சில இடங்களில் ஒன்றன் மேல் ஒன்றாகக் குத்திய முத்திரை, நடுவில் யாரோ குழந்தை கிறுக்கிய கோடு. ஒரு தாள் நிறைந்து அதன் மேல் இன்னொரு தாள் ஒட்டியிருந்தால் அந்தப் புத்தகம் ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கிறது என்று பொருள். தாள் வெள்ளையாக இருந்தால் நீங்கள்தான் முதல் ஆள்.

இன்னும் கூர்ந்து பார்த்தால் இந்தத் தாள் ஊரைப் பற்றியே சொல்லும். ஏப்ரல், மே மாதங்களில் முத்திரை அடர்த்தியாக இருந்தால் அது பிள்ளைகள் விடுமுறையில் எடுத்தது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எடுத்தவர், கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்த ஒருவராக இருக்கலாம். சமையல், ராசிபலன், வேலைவாய்ப்பு வழிகாட்டி ஆகியவற்றுக்கு எந்த ஊரிலும் தாள் நிரம்பியிருக்கும். அதைத் தாண்டி எது நிரம்பியிருக்கிறதோ அதுதான் உங்கள் புது ஊரின் ருசி.

கடலோர வாழ்க்கையைப் படிக்க ஆசை என்றால் சில பெயர்களைச் சொல்லிக் கேளுங்கள். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு', சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய 'கொற்கை', தகழியின் 'செம்மீன்' (தமிழில் சுந்தர ராமசாமி). எல்லாமே தெற்குப் பக்கத்துக் கடலும் கேரளக் கடலும்தான். நம் ஏரியும் முகத்துவாரமும் பாடும் இப்படியொரு பெரிய நாவலாக வரவில்லையே என்ற குறை எனக்கு உண்டு. உங்கள் நூலகத்தில் படித்து வளரும் யாராவது எழுதட்டும்.

கேட்ட புத்தகம் இல்லையென்றால், பரிந்துரைப் பதிவேடு இருக்கிறதா என்று கேட்டு எழுதி வையுங்கள்.

விடியற்காலை போய்க் கரைக்கு வந்து, மீனை ஏலம் விட்டு, வலையைச் சரிபார்த்து முடிக்கும்போது மதியம் ஆகிவிடுகிறது. நூலகம் எப்போது திறந்திருக்கும்?

நூலக நேரம் அலுவலக உத்தியோகத்தை மனத்தில் வைத்துப் போட்டது என்பது உண்மை. சில நூலகங்கள் நடுப்பகலில் மூடிவிட்டு மாலையில் மறுபடி திறக்கும். நீங்கள் ஓய்வாக இருக்கும் அந்த இரண்டு, மூன்று மணிக்குத்தான் கதவு சாத்தியிருக்கும். மாலை நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பொது நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை அல்ல. இது தெரியாமல் வெள்ளியன்று போய், "இதுவும் பூட்டிக் கிடக்கிறது" என்று திரும்புகிறவர்கள் ஏராளம்.

மீனவர்களுக்கென்று சில நாட்கள் தானாகவே அமைகின்றன. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பு வரும். புயல் எச்சரிக்கை நாட்கள் இருக்கின்றன. விசைப்படகில் வேலை செய்பவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதத்திலாவது நூலக நேரத்தைக் குப்பத்துக்கு ஏற்ப மாற்றினால் என்ன என்று கிராம சபையில் கேட்கலாம். வாசகர் வட்டம் என்ற அமைப்பு நூலகங்களில் உண்டு. அதில் மீனவர் நான்கு பேர் இருந்தால் இந்தக் கோரிக்கைக்கு வலு கிடைக்கும்.

நாங்கள் ஏரிக்குள் ஆந்திரப் பகுதித் தீவில் இருக்கிறோம். பேசுவது தமிழ், சந்தைக்கு வருவது இந்தப் பக்கம். எந்த நூலகம் எங்களுக்கு?

ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில்தான் இருக்கிறது. இரக்கம் தீவு போன்ற இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. அந்தப் பக்கம் இப்போது திருப்பதி மாவட்டம், 2022 வரை நெல்லூர் மாவட்டமாக இருந்தது. ஆந்திரத்துக்குத் தனி நூலகச் சட்டம் இருக்கிறது, 1960-ல் வந்தது. வரியும் அங்கேதான் போகிறது. எனவே புத்தகம் கடன் வாங்கும் உரிமை சட்டப்படி அந்தப் பக்க நூலகத்தில்தான். இந்தப் பக்கம் சந்தைக்கு வரும்போது உள்ளே உட்கார்ந்து நாளிதழோ புத்தகமோ படிக்க எந்தத் தடையும் இல்லை. யாரும் மாநிலம் கேட்க மாட்டார்கள்.

படகில்தான் போய்வர வேண்டிய ஊர்களுக்குப் புத்தகமும் படகில் போகலாம். இதே ஆந்திரப் பகுதியில், அன்றைய சென்னை மாகாணத்தில், 1935-லேயே பாதூரி நாகபூஷணம் கிருஷ்ணா கால்வாயில் படகு நூலகம் நடத்தியிருக்கிறார். அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1931 அக்டோபர் 21-ல், மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் நூலகத்தை ஓட்டினார், ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். நார்வேயில் கடலோரத் தீவுகளுக்குப் புத்தகக் கப்பல் சேவை 1959 முதல் 2020 வரை நடந்தது. ஏரிக்குள் தினமும் பயணிகள் படகும் மீன் படகும் போய்வருகின்றன. மாதம் இருமுறை அவற்றில் ஒரு பெட்டிப் புத்தகம் ஏற்ற இரு மாநில நூலகத் துறைகளும் பேசி முடிவு செய்வதற்குப் பெரிய நிதி எதுவும் தேவைப்படாது.

பழவேற்காட்டைப் பற்றியே படிக்க வேண்டும். நான் வந்து சேர்ந்த ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள ஆசை. எங்கே கிடைக்கும்?

உள்ளூர் நூலகத்தில் வரலாறு, ஊர் வரலாறு என்ற அலமாரிகளைப் பாருங்கள். டச்சுக்காரர்கள் பற்றி ஏதாவது இருக்கும். 1613-ல் அவர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள், சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக நெடுங்காலம் வைத்திருந்தார்கள். எலும்புக்கூடு செதுக்கிய தூண்கள் நிற்கும் கல்லறைத் தோட்டத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்தக் கோட்டையில் 1630-களில் பாதிரியாக இருந்தவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். பத்மநாபன் என்ற பிராமணர் போர்த்துகீசிய மொழியில் சொல்லச் சொல்ல, இந்துக்களின் வழக்கங்களையும் பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியச் செய்யுள்களையும் எழுதிக்கொண்டார். அந்த நூல் ரோஜேரியஸ் இறந்த பிறகு 1651-ல் லைடன் நகரில் டச்சு மொழியில் அச்சானது. சமஸ்கிருதக் கவிதை ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறிய மிகப் பழைய முயற்சி அது. இந்த ஏரிக்கரையில் இருவர் உட்கார்ந்து பேசியது ஐரோப்பிய நூலகங்களில் முந்நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது என்பது கொஞ்சம் உறுத்தலான விஷயம்.

ஏரியின் உயிரினங்கள் பற்றி என்றால், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் எழுதிய நூலைத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2006-ல் வெளியிட்டது. நண்டு, இறால், மீன் எல்லாம் பெயரோடு இருக்கும், ஆனால் ஆங்கிலத்தில்.

இப்படிப்பட்டவை சின்ன நூலகத்தில் கிடைக்காது. எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போக வேண்டும். 1896-ல் திறந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் படி சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. பொன்னேரி போய் மின்சார ரயில் பிடித்தால் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம்.

உப்புக் காற்று, படகுப் பயணம், ஓலை வீடு. புத்தகம் நனைந்துவிட்டால்?

உடனே போய்ச் சொல்லுங்கள். தொலைத்தாலோ பாழானாலோ அதே புத்தகம் வாங்கித் தரலாம், அல்லது விலையைக் கட்டலாம். தாமதமானால் சின்ன அபராதம், அவ்வளவுதான். பயந்துகொண்டு போகாமலே இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். நனைந்த புத்தகத்தை வெயிலில் காயப் போடாதீர்கள், தாள் சுருண்டு மொறுமொறுப்பாகிவிடும். நிழலில், காற்றாட நிற்க வைத்து, ஓரளவு காய்ந்ததும் மேலே கனமாக எதையாவது வையுங்கள். படகில் கொண்டுபோனால் மீன் கூடைக்குப் பக்கத்தில் வைக்காமல் பிளாஸ்டிக் பையில் கட்டி மடியில் வையுங்கள்.

பிள்ளைகளைச் சேர்க்கலாமா? பாடப் புத்தகமே படிக்க மாட்டேன் என்கிறான்.

பெற்றோர் கையெழுத்தோடு சேர்க்கலாம். பாடப் புத்தகம் படிக்காத பிள்ளை கதைப் புத்தகம் படிக்க மாட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளியில் வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் இருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாகப் பிரித்திருப்பார்கள். பிள்ளை எந்த நிலையில் இருக்கிறான் என்று ஆசிரியரிடம் கேட்டு, அதே எளிமையில் நூலகத்தில் தேடுங்கள். பெரிய புத்தகத்தைக் கையில் திணித்தால் இரண்டாம் நாளே மூடி வைத்துவிடுவான்.

எல்லாம் போனிலேயே வந்துவிட்டதே, நூலகம் எதற்கு?

போனிலும் நூலகம் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம். 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் கிடைக்கும். இரண்டையும் பயன்படுத்துங்கள். போட்டித் தேர்வுக்கு நாள் முழுதும் படிக்க ஒரு மேசை, மின்விசிறி, சத்தமில்லாத இரண்டு மணி நேரம் வேண்டும் என்றால், ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டில் போன் அதைத் தராது.

வீட்டில் சேர்ந்த புத்தகங்களைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

வாங்குவார்கள். பழைய பாடத்திட்ட வழிகாட்டிகளைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு வராதீர்கள். பணமாகத் தருவதென்றால் 1,000 ரூபாய் கொடுத்துப் புரவலராகலாம், நூலகத்தில் பெயர் எழுதி வைப்பார்கள்.

கணவருக்கு மறுபடி வேலை மாறுதல் வந்தால் அட்டையை என்ன செய்வது?

எடுத்த புத்தகங்களையெல்லாம் கொடுத்துவிட்டு, அட்டையையும் காப்புத் தொகை ரசீதையும் சேர்த்து நூலகரிடம் கொடுங்கள், தொகை திரும்ப வரும். அவர் கணக்கு முடித்துக் கொடுக்கச் சில நாள் ஆகலாம், அதனால் சாமான் கட்டும் வாரத்துக்கு முன்பே போய்விடுங்கள். மாவட்டம் மாறினால் அங்கே புதிதாகச் சேர வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஆணைக்குழு தனி. திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால், அட்டையை ரத்து செய்வதற்கு முன் இடமாற்றம் முடியுமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.